பூட்டிய வளவில் எத்தனை பேர்?

பல்கலைக்கழக மக்கள்தொகை ஆய்வுக் குழுவோடு பல வருஷம் செட்டிநாட்டு ஊர்களில், வளவு எனப்படும் பங்காளிகளின் பெரிய கூட்டு வீடுகள் உட்பட, வீடு வீடாக ஏறி இறங்கியவன். கேளுங்கள்.

கானாடுகாத்தான், ஒரு ஆச்சி: தம்பி, எங்கள் வீட்டில் எட்டுப் பங்கு, எட்டும் பூட்டு. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு மட்டும் அறுபது பேர் கூடுவோம். சென்சஸில் நாங்கள் எத்தனை பேர்?

ஒருவரும் இல்லை ஆச்சி. காவலுக்கு ஒரு குடும்பம் தங்கியிருந்தால் அவர்கள் மட்டும். வீட்டுப் பட்டியலில் கட்டடம் மட்டும் ஏறும். வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேதான் ஆள் கணக்கு. சென்னைப் பங்காளி சென்னையில் சேர்வார்; மலேசியாவில் குடியிருப்பவர் இந்தியக் கணக்கிலேயே வரமாட்டார்.

கோயில் புள்ளி, அதாவது நகரத்தார் தங்கள் கோயில் ஏட்டில் கல்யாணமானவர்களை எண்ணும் கணக்கு, இதற்கு நேர் எதிர். இளையாத்தங்குடிக் கோயில்காரர் எந்த நாட்டில் இருந்தாலும் அந்தக் கோயில் புள்ளிதான். ஆனால் கல்யாணம் ஆனால்தானே புள்ளி? அதனால் இன்று பிள்ளை குறைந்தால், கோயில் ஏட்டில் அது தெரிய இருபத்தைந்து, முப்பது வருஷம் ஆகும். பள்ளிக்கூடத்து ஒன்றாம் வகுப்பில் ஆறாவது வருஷமே தெரிந்துவிடும். எங்களுக்கு இரண்டு ஏடும் வேண்டும்.

தேவகோட்டை: 2011இல் சிவகங்கை மாவட்டத்தில் 1000 ஆணுக்கு 1003 பெண். இங்கே பெண் குழந்தை அதிகமோ?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பிழைக்க வெளியே போன ஆண்கள் இந்தக் கணக்கில் இல்லை. பெண்களுக்கு ஆயுளும் கூடுதல். ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளை மட்டும் பார்த்தால், அதே 2011இல் தமிழ்நாட்டில் 1000 பையனுக்கு 943 பெண்தான். கவலைப்பட வேண்டிய எண் அது.

கோட்டையூர்: தமிழ்நாட்டில் கருவள விகிதம் 1.8 என்கிறார்களே?

ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்பதுதான் அது; 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் வந்தது. ஒரு தலைமுறை தன்னை ஈடுகட்ட 2.1 வேண்டும்.

புதுவயல்: அடுத்த சென்சஸ் எப்போது?

2021இல் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவில் தள்ளிப்போனது. இப்போது 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள்.

பள்ளத்தூர், கல்லூரி மாணவி: வயசானவங்க சொல்ற வயதை நம்பலாமா அண்ணே?

அப்படியே நம்பக்கூடாதும்மா. கேட்டால் அறுபது, அறுபத்தஞ்சு, எழுபது என்றுதான் வரும், அறுபத்திமூன்று அபூர்வம். வரைபடத்தில் போட்டால் 0, 5இல் முடியும் வயதுகள் கோபுரம் மாதிரி நிற்கும். அந்தக் குவியலை அளக்கவே விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது.

2019இல் முகப்பில் வத்தல் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சியிடம் கேட்டேன். “எழுவது போட்டுக்கப்பா.” விடாமல், “ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்ப பொறந்துட்டீங்களா?” என்றேன். வத்தலைப் புரட்டிய கை நின்றது. “அப்பச்சி (அப்பா) அங்கேருந்து நடந்தே வந்து சேந்தாக. நான் கைப்புள்ள. தாடியப் பாத்துட்டு அழுதேனாம்.” அது 1942. எழுபதை அடித்துவிட்டு எழுபத்தேழு என்று எழுதினேன். “ஏழு வருசத்தக் கூட்டிப்புட்டியே!” என்று கோபம். மோர் மட்டும் வந்தது.

அதே மாணவி: இதை எங்கே படிக்கலாம்?

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மக்கள்தொகையியல் துறை உண்டு. வெயிலில் நடக்க இப்போதே பழகிக்கொள்.