தேர்வுக் காணொளியை யாரிடம் காட்டுவது? கேள்வி பதில்

இசைக் கல்லூரிகளுக்கு அனுப்பும் தேர்வுக் காணொளிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு, வெள்ளவத்தையில் வாய்ப்பாட்டுக் கற்பிக்கும் நான் எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன். பியானோ, கிட்டார் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள்க. அவை என் துறையல்ல.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தாயார்: மகள் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு முன்தேர்வுக் காணொளி (நேரடித் தேர்வுக்கு அழைக்குமுன் கேட்கும் பதிவு) அனுப்பவிருக்கிறாள். குருவைத் தவிர வேறொருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்டால் குரு மனம் நோகமாட்டாரா?

மறைத்துக் காட்டினால் நோவார். சொல்லிவிட்டுக் காட்டினால் பெரும்பாலும் நோகமாட்டார். ஒரே குரலை ஆண்டுக்கணக்காகக் கேட்கும் குருவின் காது அதன் குறைக்குப் பழகிவிடுகிறது. என் மாணவி ஒருத்தி மேல்ஸ்தாயிச் சட்ஜத்தில் (மேல் ‘ஸ’வில்) நிற்கும்போதெல்லாம் நூலிழையளவு கீழே நின்றிருக்கிறாள்; நான்கு ஆண்டுகளாக அது எனக்குப் படவேயில்லை. வீட்டுக்கு வந்த வயலின் வித்துவான் ஒருவர், அவளுடைய பதிவைக் கேட்கத் தொடங்கி ஒரு நிமிடம் ஆகுமுன்னரே, ஒன்றும் பேசாமல் விரலை மேல்நோக்கிக் காட்டினார். வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் இறுதிப் பதிவைக் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பல டிசெம்பர் 1ஆம் திகதியையே முன்தேர்வுக் காணொளிக்கு இறுதி நாளாக வைக்கின்றன. ஆகவே ஒக்டோபர் நடுப்பகுதியிலேயே ஒரு கரட்டுப் பதிவைச் செய்து, இரண்டு பேருக்கு மட்டும் அனுப்பி, “எப்படி இருக்கிறது?” என்று கேளாமல், “எந்த நிமிடத்தில் உங்கள் கவனம் விலகியது?” என்று கேளுங்கள். முதற் கேள்விக்குப் பாராட்டுத்தான் வரும்.

கொட்டாஞ்சேனை மாணவர்: கைப்பேசிப் பதிவில் தம்புரா ஒலி மங்கி மறைந்துவிடுகிறது. ஏன், ரீச்சர்?

இரைச்சலை நீக்கும் வசதியின் வேலை அது. இடைவிடாது ஒரே சீராக ஒலிப்பதை மின்விசிறியின் இரைச்சல் என்று அது எண்ணுகிறது. தம்புராவின் இயல்போ இடைவிடாது ஒலிப்பதுதான். அமைப்புகளில் அதனை நிறுத்துங்கள். சூம் வழியாகப் பாடிக்காட்டுவதென்றால் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியையும் முடிந்தால் நிறுத்துங்கள். அது மெல்லிய பிடிகளை (சுரத் தொடர்களை) உயர்த்தி, உரத்தவற்றை அமுக்கி, முழு ஆலாபனையையும் (சொற்களின்றி ராகத்தை விரித்துப் பாடுவதையும்) ஒரே மட்டத்தில் தட்டையாக்கிவிடும். மாலை வேளையைத் தவிருங்கள். என் மாணவி ஒருத்தியின் மோகன ராக ஆலாபனைக்கு நடுவே, தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் வண்டி பேதோவனின் மெட்டோடு தெருவால் போனது. பதிவில் அவளைவிட அதுதான் தெளிவாகக் கேட்டது.

பெயர் தராதவர்: ஆலாபனையை ஒரு பதிவிலிருந்தும் கிருதியை (பாடலை) இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டலாமா?

ஒரே உருப்படிக்குள் கூடாது. ஆலாபனையும் அதன் கிருதியும் சேர்ந்ததே ஓர் உருப்படி.

தெஹிவளை மாணவி: சுருதியைத் திருத்தும் செயலியைச் சிறிதளவு பயன்படுத்தினால் தெரியுமா?

தெரியும். அந்தச் செயலி குரலை அருகிலுள்ள சுரத்தானத்துக்கு இழுத்து நிறுத்துகிறது. தோடி ராகத்தின் காந்தாரமோ (‘க’ சுரமோ) நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருப்பது. அந்த அசைவு போனால் தோடியும் போய்விடும்.

ஓய்வுபெற்ற இசையாசிரியர் ஒருவர்: முதற் பதிலை நான் மறுக்கிறேன், அம்மா. நாலு பேரிடம் கருத்துக் கேட்கும் பிள்ளையின் பாணி கலைந்துவிடும்.

ஐயா, நாலு பேர் என்று நான் எழுதவில்லை, இரண்டு பேர் என்றே எழுதினேன்.

பம்பலப்பிட்டித் தாயார்: அப்படியானால் அரங்கேற்றத்துக்கு ஏன் ஊரையே அழைக்கிறோம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: அரங்கேற்றத்துக்கு வருகிறவர்கள் கைதட்டிவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள், பிள்ளையைத் திருத்தமாட்டார்கள்.

ஐயா சொல்வது உண்மை. அதனால்தான் அரங்கேற்றத்தைக் கண்டு பிள்ளையின் தரத்தை அறிய முடிவதில்லை. வெளியாரின் கருத்து இரு வகைப்படும். “காந்தாரத்தை இவ்வளவு அசைக்க வேண்டாம், அந்த இடத்தில் நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவது) வேண்டாம்” என்பவை பாணியைத் தொடுபவை. அவற்றைக் குருவிடம் ஒப்படையுங்கள். “அனுபல்லவியில் (பாடலின் இரண்டாம் பகுதியில்) சொற்கள் விளங்கவில்லை, இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) தாளம் ஓடுகிறது” என்பவை எந்தப் பாணியிலும் குறையே. கேட்டதைச் சொல்வது வெளியாரின் வேலை, எதை மாற்றுவது என்று தீர்மானிப்பது குருவின் வேலை. இதற்கு மேலும் ஐயா உடன்படாவிட்டால், என் வீட்டில் தேநீரோடு தொடர்வோம்.

இரத்மலானை மாணவர்: நாளை கடைசி நாள். இன்றிரவு பார்த்துக் கருத்துச் சொல்வீர்களா?

இவ்வாறு கேட்கும் நான்காவது நபர் நீங்கள். சொல்லமாட்டேன். இன்றிரவு கிடைக்கும் கருத்தால் தூக்கம் கெடுமே தவிரப் பாட்டுத் திருந்தாது. காணொளியின் இணைப்பை மட்டும் இன்னொருவரின் கைப்பேசியில் திறந்து பாருங்கள். யூடியூபில் ‘பிரைவேட்’ என்று வைத்தால் நடுவர்களுக்குத் திறக்காது. ‘அன்லிஸ்டட்’ என்று வையுங்கள்.

வத்தளை மாணவி: முன்னர் இராமநாதன் நுண்கலைக் கழகமாயிருந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடத்துக்கும் இதே முறையா?

இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைந்நூலைப் பாருங்கள்.

கல்கிசை மாணவர்: பதிவில் இரைச்சல் விழாதிருக்க மின்விசிறியை நிறுத்தினால் வியர்த்துக் கொட்டுகிறது, ரீச்சர்.

வியர்க்கட்டும். உருப்படிகளுக்கு இடையில் போட்டுக்கொள்ளுங்கள். பாடத் தொடங்குமுன் இறகுகள் முழுதாக நின்றுவிட்டனவா என்று அண்ணாந்து பாருங்கள்.