மூன்று கைக்குழந்தைகளையும் ஒன்றாக எடுக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்: வீட்டில் நடத்தும் பிள்ளை பராமரிப்பு

கேள்வி: அன்புள்ள அக்கா, யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டின் முன்பகுதியில் டே கெயார் நடத்துகிறேன். உதவிக்கு ஒரு பிள்ளை நிற்கிறா. இப்போது எட்டுப் பேர் வருகிறார்கள். பத்து மாதக் குழந்தை ஒன்று, ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட ஐந்து பேர், முன்பள்ளி முடிந்து மதியம் வருகிற இருவர். ஒன்றரை வயதுவரை மாதம் 15,000 ரூபாய், அதற்கு மேல் 10,000, அரைநாளுக்கு 6,000 வாங்குகிறேன். வரும் தையில் பெரிய இருவரும் முதலாம் வகுப்புக்குப் போகிறார்கள், பிறகு வரமாட்டார்கள். நடுவில் உள்ள மூன்று பேர் முன்பள்ளிக்குப் போய் மதியத்துக்குப் பிறகு மட்டும் வருவார்கள். இப்போது மூன்று தாய்மார் தையிலிருந்து கைக்குழந்தைகளை விடக் கேட்கிறார்கள். மூன்றுக்கும் அப்போது ஐந்து, ஆறு மாதம் இருக்கும். அந்தத் தாய்மாரில் ஒருத்தி என் மச்சாளின் மகள். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் ஒருவர் கேட்டார், இன்னும் பதில் சொல்லவில்லை. கைக்குழந்தைக்குத்தானே காசு கூட? மூன்றையும் எடுத்து இன்னொரு ஆளையும் வேலைக்கு வைத்தால் என்ன?
– பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, மூன்றையும் எடுக்க வேண்டாம். ஒரு கைக்குழந்தையையும், பதில் சொல்லாமல் வைத்திருக்கிற அந்த இரண்டு வயதுப் பிள்ளையையும் எடுங்கள். காசைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. வீடு ஓடினால்தான் பிள்ளைகளையும் நன்றாகப் பார்க்கலாம். அதனால் காசிலிருந்தே தொடங்குகிறேன்.

இப்போது உங்களுக்கு மாதம் 77,000 வருகிறது. தையில் புதிதாக யாரையும் சேர்க்காவிட்டால் அது 53,000 ஆகிவிடும். கைக்குழந்தைக்கு 15,000, முழுநாள் நிற்கிற இருவருக்கு 20,000, மதியம் வருகிற மூவருக்கு 18,000. இந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் நீங்கள் மூன்று கைக்குழந்தைகளைப் பிடிக்க நினைக்கிறீர்கள். மூன்றும் சேர்ந்தால் 45,000 கூடும். ஆனால் நீங்களே சொல்வது போல இன்னொரு ஆள் இல்லாமல் முடியாது. 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதற்கு மேல் முதலாளியின் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.ரி.எஃப்.) 3 வீதம். எல்லாமாக 34,500. ஆக மூன்று கைக்குழந்தைகளைச் சுமந்து உங்கள் கையில் நிற்பது 10,500தான், மாத வருமானம் 63,500. ஒரு கைக்குழந்தையும் ஒரு இரண்டு வயதும் என்றால் 25,000 கூடி 78,000 வரும். மாதச் சம்பளத்துக்குப் புது ஆளும் தேவையில்லை.

இது முதல் வருடக் கணக்கு. அடுத்த வருடத்தைப் பாருங்கள். ஐந்து, ஆறு மாதத்தில் வருகிற மூன்றும் ஏறக்குறைய ஒரு வருடத்தில் ஒன்றரை வயதைத் தாண்டிவிடும். அப்போது மூன்றுக்கும் சேர்த்து 45,000 அல்ல, 30,000தான் வரும். புது ஆளுக்கோ அதே 34,500 கொடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தே நடக்கத் தொடங்கும், சேர்ந்தே பம்பர்ஸ் விடும், பிறகு ஒரே தையில் முன்பள்ளிக்குப் போகும். இந்தத் தையில் உங்களுக்கு விழப்போகிற பள்ளம் அப்போது திரும்பவும் விழும்.

இதைத்தான் வீட்டில் பிள்ளை பார்க்கிற எல்லோருக்கும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது இன்றைக்கு எந்த வயது என்று மட்டும் பார்க்காதீர்கள், ஒரு வருடம் கழித்து அந்தப் பிள்ளை வீட்டின் எந்த மூலையில் நிற்கும் என்று பாருங்கள். பக்கத்துத் திருநெல்வேலியில் நான் நிலையம் நடத்திய காலத்தில் ஒரு கொப்பியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று மாதங்களை எழுதி வைத்திருந்தேன்: பிறந்த மாதம், ஒன்றரை வயது ஆகிற மாதம், முன்பள்ளிக்குப் போகிற தை. புதிதாக ஒரு தாய் வந்து கேட்டால் முதலில் அந்தக் கொப்பிதான் திறக்கும். உங்கள் பத்து மாதக் குழந்தைக்குத் தையில் பதின்மூன்று மாதம், ஆனியில் ஒன்றரை வயது. அப்படியானால் அடுத்த கைக்குழந்தைக்கு ஆனியில் இடம் இருக்கிறது. மற்ற இரு தாய்மாரில் ஒருவருக்கு அந்த மாதத்தை இன்றே சொல்லலாம்.

இனி மதியம். உங்கள் வீட்டில் எத்தனை பேரைப் பார்க்கலாம் என்பதைக் காலை ஒன்பது மணியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பதினொன்றரையிலிருந்து இரண்டு மணி வரைக்கும்தான் வீடு சோதிக்கப்படுகிறது. நடக்கிற பிள்ளைகளுக்குப் பசி, ஒருத்தி சோற்றைக் குழைத்துத் தரச்சொல்லி நிற்பாள், ஒருவன் பூசணிக்காயைத் துப்புவான். அந்த நேரம் பார்த்துக் கைக்குழந்தை பாலுக்கு அழும். கேற்றடியில் ஓட்டோ வந்து முன்பள்ளிப் பிள்ளைகள் சப்பாத்தோடு விறாந்தையில் ஏறுவார்கள், யார் யாரோடு சண்டை பிடித்தது என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் அவர்களுக்கு. பால் கொடுக்கிறவர் இருபது நிமிடம் எழும்ப முடியாது. மிச்சம் ஒரு ஆள், ஏழு பிள்ளைகள். இதில் கைக்குழந்தை மூன்று என்றால் யாருக்குப் பால், யார் காத்திருப்பது? காத்திருக்கிற அந்தக் குழந்தையை நினைத்துப் பார்த்தால் மனம் ஒப்பாது, தங்கச்சி.

லண்டனில் வீட்டில் பிள்ளை பார்க்கிற நம் பெண்கள் பலர் இருக்கிறார்கள். இங்கிலாந்துச் சட்டப்படி அப்படித் தனியாகப் பார்க்கிற ஒருவர் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பேரைத்தான் எடுக்கலாம். அதில் ஐந்து வயதுக்குட்பட்ட சின்னவர்கள் சாதாரணமாக மூன்று பேர், ஒரு வயதுக்குக் கீழே ஒன்றே ஒன்று. அது அவர்களின் சட்டம், நம்மைக் கட்டாது. ஆனால் ஒரு ஆளின் கையும் மடியும் எந்த நாட்டிலும் ஒரே அளவுதான். அந்த அளவில் பார்த்தால் உங்கள் இருவருக்கும் மதியத்தில் எட்டுப் பேர் ஏற்கனவே கூடுதல். நான் சொல்கிற மாதிரிச் சேர்த்தாலும் தையில் மதியம் எட்டுத்தான். அதனால் அந்த இரண்டரை மணித்தியாலத்துக்கு மட்டும் அயலில் ஒரு அம்மாவைக் கூலிக்குக் கூப்பிடுங்கள். 78,000இல் அதைத் தாங்கலாம். உங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் பொருந்தும் என்று பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் போய்க் கேளுங்கள். அவர்கள் ஒரு எண்ணைச் சொன்னால் என் கணக்கை விட்டுவிட்டு அதைப் பிடியுங்கள்.

மூன்றில் எந்தக் குழந்தையை எடுப்பது? உங்கள் வீட்டுக்குக் கிட்ட வேலை செய்கிற தாயின் குழந்தையை எடுங்கள். தனியார் துறையில் வேலை செய்கிற தாய்க்குக் குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை பாலூட்ட ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை உண்டு. வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிப்பு இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். திருநெல்வேலிச் சந்திப் பக்கம் வேலை செய்கிறவர் மதியம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். குழந்தைக்கும் நல்லது, உங்கள் மதியமும் இலேசாகும்.

அது மச்சாளின் மகளாக இல்லாவிட்டால்? அதுதான் உங்களுக்குப் பெரிய பாரம் என்று விளங்குகிறது. பார்ப்போம் என்று இழுக்க வேண்டாம். அந்தச் சொல்லை நம்பி அந்தப் பிள்ளை லீவை முடித்துவிட்டு நடுத்தெருவில் நிற்பாள். நேரே போய், கொப்பியைக் காட்டி, தையில் இடமில்லை, ஆனியில் உனக்குத்தான் இடம் என்று சொல்லுங்கள். சொந்தம் என்று கட்டணத்தைக் குறைக்கவும் வேண்டாம். மற்றத் தாய்மாருக்குத் தெரிய வந்தால் அவர்களின் மனம் நோகும், நியாயமும் இல்லை.

இன்னும் சில விஷயங்கள். கைக்குழந்தையும் ஓடுகிற பிள்ளைகளும் ஒரே வீட்டில் என்றால் ஏணையை விடுங்கள். புரளத் தொடங்கிய குழந்தை அதிலிருந்து விழும், இரண்டு வயதுப் பிள்ளை அதைப் பிடித்து ஆட்டும். தனி அறையில், கதவு திறந்திருக்க, கெட்டியான சமமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம். பகலிலும் நுளம்பு வலை வேண்டும், டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். நமக்கு மாரி தொடங்கினால் டெங்கும் வரும். கிணற்றுக்கு மேலே இரும்பு வலை போட்டிருக்கிறதா? இல்லாவிட்டால் புதுப் பிள்ளையைச் சேர்க்கும் முன் அதைச் செய்யுங்கள்.

கேள்வி: அக்கா, நான் அரச ஊழியர். 84 நாள் பிரசவ விடுமுறை முடியப்போகிறது. நல்ல டே கெயார் என்று கேள்விப்பட்ட இடத்தில், இப்போது ஒரு கைக்குழந்தை இருக்குது, மூன்று மாதம் பொறுங்கோ என்கிறார்கள். இன்னொரு இடத்தில் நாளைக்கே கொண்டுவரச் சொல்கிறார்கள், அங்கே ஏற்கனவே ஐந்து கைக்குழந்தைகள். மூன்று மாதம் எப்படிப் பொறுப்பது?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: பொறுங்கோ என்று சொன்ன இடத்தை நான் நம்புவேன். வருகிற காசை வேண்டாம் என்று ஒருவர் சொல்வது உங்கள் குழந்தையை நினைத்துத்தான். அரச ஊழியருக்கு முழுச் சம்பள விடுமுறைக்குப் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாள் எடுக்கலாம், அதற்குப் பிறகு சம்பளமில்லாமல் இன்னும் 84 நாள். அரைச் சம்பளத்தில் வீடு ஓடுமா என்று கணவரோடு இருந்து கணக்குப் பாருங்கள். முடியுமென்றால் அந்த மூன்று மாதமும் கிடைத்துவிடும். குழந்தை ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கவும் அது உதவும்.

முடியாது, ஐந்து கைக்குழந்தைகள் உள்ள இடத்துக்குத்தான் விட வேண்டும் என்றால், சொல்லாமல் ஒருநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய் அரை மணித்தியாலம் இருங்கள். எத்தனை பெரியவர்கள் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். பாற்போத்தலைக் கையில் பிடித்துக் கொடுக்கிறார்களா, தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறார்களா என்று பாருங்கள். சாய்த்து வைத்தால் குழந்தைக்குப் புரைக்கேறும். அப்படிக் கண்டால் திரும்பி வந்துவிடுங்கள். நல்லபடியாக இருந்தால், கறந்த பாலில் பெயரும் நேரமும் எழுதி ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுபோய்க் கொடுங்கள், உடனே பிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். நம் வெயிலில் வெளியே விட்ட பாலை நம்ப முடியாது. குளிரான அறையில் கூட நாலு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

தடுப்பூசி அட்டையின் பிரதியையும் கொடுங்கள். 2, 4, 6 மாத ஊசிகள் மூன்றும் முடியும்வரை இருமல், காய்ச்சல் உள்ள பெரிய பிள்ளைகளிடமிருந்து உங்கள் குழந்தையைத் தள்ளி வைப்பார்களா என்று கேளுங்கள். அதற்குத் தடுமாறினால் அதுவே பதில்.

கேள்வி: எங்கள் வீட்டு டே கெயாரில் இரண்டு வயதுப் பையன் ஒருவன் எட்டு மாதக் குழந்தையைக் கடித்துவிட்டான். குழந்தையின் தாய் அவனை நிறுத்தச் சொல்கிறா. என்ன செய்வது?
– மானிப்பாய் வாசகி

பதில்: நிறுத்த வேண்டாம். இரண்டு வயதில் கடிப்பது அந்த வயதின் குணம், சொல்லத் தெரியாததைப் பல்லால் சொல்கிறான். ஆனால் குழந்தையின் தாய் பயப்படுவதும் நியாயம், அவவிடம் அதை ஒத்துக்கொள்ளுங்கள். அவன் எந்த நேரத்தில் கடிக்கிறான் என்று ஒரு கிழமைக்கு எழுதுங்கள். பசி நேரத்தில், அல்லது நீங்கள் குழந்தையை மடியில் வைத்திருக்கிற நேரத்தில்தான் அது நடக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் சாப்பாட்டை அரை மணித்தியாலம் முன்னே கொண்டுவாருங்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அவனையும் பக்கத்தில் இருத்தி, துடைக்கிற துணியை அவன் கையில் கொடுங்கள். தவழுகிற குழந்தைக்கு விறாந்தையில் குறுக்கே ஒரு தடுப்புப் போட்டுத் தனி இடம் ஒதுக்குங்கள். இரு தாய்மாருக்கும் நடந்ததை அன்றைக்கே சொல்லுங்கள், கடித்தது யார் என்று மற்றத் தாய்மாருக்குச் சொல்ல வேண்டாம். தோல் கிழிந்திருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி, குழந்தையை வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.