தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன், காலையில் தாடை வலிக்கிறது. பூச்சி மருந்து சாப்பிட்டால் சரியாகுமா?

பூச்சி மருந்தை ஓரமாக வையுங்கள். நம் ஊர்ப் பக்கம் குழந்தை நறநறவென்று பல்லைக் கடித்தாலே வயிற்றில் பூச்சி என்பார்கள். கடிப்பதை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. குழந்தைகளில் பலருக்கு வளர வளரத் தானாகவே நின்றுவிடும். நம்மைப் போன்ற பெரியவர்களுக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கிறது.

நான் மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் பொங்கலன்று கரும்பைக் கடித்தபோது கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. கரும்புதான் காரணம் என்று நினைத்தேன். பல் மருத்துவர் கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். பற்களின் மேல்பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம், கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு. "ரொம்ப நாளாகவே கடிக்கிறீங்க" என்றார். காலையில் நெற்றிப்பொட்டில் விண்ணென்று வருமே ஒரு வலி, வெயிலில் நிற்பதால் என்று விட்டிருந்தேன். அதுவும் இதுதான்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: கடிப்பதில் இரண்டு வகை. இரவில் கடிப்பது தூக்கத்துக்கு நடுவே வரும் சின்னச் சின்ன விழிப்புகளோடு சேர்ந்து நடக்கிறது. அது நம் கையில் இல்லை, அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். 2018-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைகூட, மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவர்களிடம் இதை நோய் என்று சொல்லவில்லை, தாடைத் தசையின் ஒரு செயல் என்றுதான் சொல்கிறது. பகலில் கடிப்பது வேறு. அங்கே சத்தம் வராது, பல் பல்லோடு அழுந்தியே கிடக்கும். நமக்கே தெரியாது. ஆனால் தெரிந்துகொண்டால் நிறுத்தலாம்.

மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு இது பெரிய செய்தி. உதட்டை மூடினால் பல்லும் மூடியிருக்க வேண்டும் என்றே அதுவரை நினைத்திருந்தேன். "நான்" என்று மெதுவாகச் சொல்லி, கடைசி "ன்"-இல் நிறுத்திப் பாருங்கள். நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒட்டியிருக்கும், பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி இருக்கும். அப்படியே உதட்டை லேசாக மூடுங்கள். தாடைக்கு ஓய்வு என்றால் இதுதான்.

என் மகள் போன் கவரில் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்தாள். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியில் இன்னொன்று. புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் பல் ஒட்டியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு முறைக்காகக் காத்திருக்கிறேன். வானம் கருக்கிறது. நெல்லின் ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமோ என்று மழை நிலவரம் பார்க்கப் போனை எடுத்தால், புள்ளி தெரிகிறது, தாடை கல்லாக இறுகியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளுவது என்று அம்மா சொல்வார். நான் நிஜமாகவே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மனக்கவலை இதற்குப் பெரிய தூண்டுதல். கவலையை நிறுத்த என்னால் முடியவில்லை, தாடையைத் தளர்த்த முடிந்தது.

இரவுக்கு நைட் கார்டு, அதாவது பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை, செய்து போட்டேன். கடிப்பதை அது நிறுத்தாது, பல் தேயாமல் காக்கும், அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டு போடுங்கள், இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். வாயில் அளவெடுத்துச் செய்ததாக இருக்கட்டும். படுக்கும் முன் வெந்நீரில் பிழிந்த துணியால் இரண்டு கன்னத்திலும் பத்து நிமிஷம் ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும். வலி இருக்கும்வரை முறுக்கு, கரும்பு வேண்டாம். வெற்றிலை சீவலும்தான். நம் ஊரில் சாப்பாட்டுக்குப் பின் அது இல்லாமல் இருப்பது கஷ்டம், ஆனாலும் ஏற்கெனவே களைத்த தாடைக்கு அது கூடுதல் வேலை. மாலை நாலு மணிக்கு மேல் காபியை விட்டேன். மது, புகையிலை இருந்தால் அவையும் கடிப்பதைக் கூட்டும்.

மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸடின், செர்ட்ரலின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் சிலருக்கு அதனாலும் இது வரலாம். தானாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். குறட்டையும் நடுநடுவே மூச்சு நிற்பதும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கத்தோடு தாடை வலித்தால் அது பல் சமாச்சாரம் இல்லை, இதய வலியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்கு இரவுக் கடி முழுதாக நிற்கவில்லை, கார்டில் கீறல் தெரிகிறது. ஆனால் நெற்றிப்பொட்டு வலி போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் ஒன்று செய்யுங்கள். பால் கணக்கு எழுதும் காலண்டரில், சத்தம் கேட்கும் இரவுகளையும் குறட்டை விடும் இரவுகளையும் வீட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளோடு பல் மருத்துவரிடம் போங்கள். பல் பெயர்ந்தாலோ, வாய் திறக்க முடியாமல் தாடை பூட்டிக்கொண்டாலோ அந்த ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம்.