பல்கலைக்கழக வளாகத்தில் முகக்கவரி எங்கே, எப்போது போட வேண்டும்?

மகள் பல்கலைக்கழகம் போகிறாள், விடுதியில் தங்கப் போகிறாள், சட்டம் எதுவும் இல்லாத இந்த நேரத்தில் முகக்கவரியை எங்கெங்கே போடச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம், சுற்றிலும் ரப்பரும் செம்பனையும்தான், வேலை ஆய்வுக்கூட உதவியாளர். மாணவர்களோடேயே பொழுது போவதால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சட்டம் இல்லைதான். கோவிட் சமயத்தில், 2020 ஆகஸ்டில், பஸ்ஸிலும் கூட்டமான இடங்களிலும் போடாதவர்களுக்கு 1,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் என்று வந்தது, 2022 மே மாதம் வெளிப்புறத்திலும் செப்டம்பரில் பெரும்பாலான கட்டடங்களுக்குள்ளும் அவரவர் விருப்பம் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தக் காலத்துப் பழக்கம் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் மரத்தடியில், நல்ல காற்றில் நடக்கும்போது மாஸ்க்கோடு போகிறார்கள், வகுப்புக்குள் நுழைந்து உட்கார்ந்ததும் பேச வசதியாக இருக்கும் என்று தாடைக்கு இறக்கிவிடுகிறார்கள். போட வேண்டிய இடமே அந்த அறைதான்.

டுடோரியல் அறையை நினைத்துப் பாருங்கள். கதவு சாத்தியிருக்கும், சன்னல் சாத்தியிருக்கும், சுவரில் ஸ்பிளிட் ஏர்கான் ஓடும். வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவது அதன் வேலை இல்லை, அறைக்குள் இருக்கிற காற்றையே இழுத்துக் குளிராக்கித் திரும்ப ஊதும். இருபது முப்பது பேர் இரண்டு மணி நேரம் விட்ட மூச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், அதில் ஒருவருக்கு சளிக்காய்ச்சல் என்றால் கணக்கு நமக்கே தெரியும். அதனால் மகளிடம் இடத்தின் பெயரைச் சொல்லி மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், சன்னல் திறந்திருக்கிறதா, எவ்வளவு நேரம் உட்காரப் போகிறோம், எத்தனை பேர் என்று பார்க்கச் சொல்லுங்கள். டவுனுக்கும் வளாகத்துக்கும் ஓடும் வேன், மின்தூக்கி, நூலகத்தின் குழு அறை, வளாகக் கிளினிக்கின் காத்திருக்கும் இடம், இங்கெல்லாம் போடலாம். திடலுக்கும் நடைபாதைக்கும் தேவையில்லை. கேண்டீனில் சாப்பிட எப்படியும் கழற்றத்தான் வேண்டும், சுவரில்லாத பக்கமாக மேசை பிடித்தால் போதும்.

இருமுகிறவர் போடுவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நோயாளி போட்டால் துளிகள் கிளம்பும் இடத்திலேயே பெரும்பாலும் நின்றுவிடும். ஒரே அறையில் தங்கும் தோழிக்குக் காய்ச்சல் என்றால் அவள் போடட்டும், சன்னலைத் திறந்து வையுங்கள், மின்விசிறியைச் சன்னலை நோக்கித் திருப்புங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சும்மா இருக்கக் கூடாது, காசநோய் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது, அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குப் பார்த்துவிடலாம்.

புகைமூட்டக் காலத்தில் கதை மாறும். 2015, 2019 மாதிரி சுமத்ரா பக்கமிருந்து புகை வந்தால் உள்ளே இருப்பதுதான் நல்லது, மாஸ்க் வெளியே போகும்போதுதான் வேண்டும். சுற்றுச்சூழல் இலாகாவின் இணையப்பக்கத்தில் மணிக்கு மணி ஐபியு எண், அதாவது காற்று எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று காட்டும் எண் வரும், 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது என்று கணக்கு. நீல நிற மூன்றடுக்கு மாஸ்க் அந்தப் பொடிப்புகைக்குப் பெரிதாக உதவாது, கன்னத்தின் இரண்டு பக்கமும் இடைவெளி. என்95 வேண்டும், அதையும் மூக்குக் கம்பியை அழுத்தி, மூச்சு விட்டால் ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பார்த்துப் போட வேண்டும். தாடி வைத்த பையன்களுக்கு அது முகத்தோடு ஒட்டாது, சொன்னால் கோபப்படுவார்கள்.

ஆய்வுக்கூடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தோட்டத்தில் அம்மா காலத்துப் பெண்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டுதான் பாராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்தை அடித்தார்கள், மருந்தில் நனைந்து அந்தத் துணியே முகத்தில் ஒட்டிக்கிடக்கும். 2020-இல்தான் அந்த மருந்துக்கு இங்கே தடை வந்தது. இன்றைக்கு அமிலப் புட்டியைத் திறக்கும் மாணவரும் கடையில் வாங்கிய மாஸ்க்கை நம்பி முகத்தைக் கிட்டே கொண்டுபோகிறார். என்95கூடத் துகளைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆவி வரும் வேலையைப் புகை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும், மாஸ்க் இருக்கிறதே என்று வெளியே மேசையில் வைத்துச் செய்யக் கூடாது.

மற்றபடி பையில் நாலைந்து மாஸ்க் தனி உறையில் இருக்கட்டும். நம் ஊர் வெக்கைக்கு மதியத்துக்குள் வியர்வையில் நனைந்துவிடும், நனைந்ததை மாற்றிவிட வேண்டும். நிறமுள்ள பக்கம் வெளியே. தேர்வு மண்டபத்தில் மெட்ரிக் கார்டோடு, அதாவது மாணவர் அடையாள அட்டையோடு, முகத்தை ஒப்பிட ஒரு நிமிடம் இறக்கச் சொல்வார்கள், இறக்கிக் காட்டிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.