நான்கு சோடி, மூன்று வடிவம்

கேள்வி: கிளிநொச்சியில் உயர்தர இரசாயனவியல் படிக்கிறேன். மெதேன், அமோனியா, நீர் மூன்றிலும் மைய அணுவைச் சுற்றி நான்கு இலத்திரன் சோடிகள்தானே? பிறகேன் வடிவம் மூன்று விதம்? குளோரீன் முப்புளோரைட்டில் தனிச்சோடியை (பிணைப்பில் சேராத சோடியை) எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.

பதில்: நீங்கள் எண்ணியது சரி. எண்ணும்போது தனிச்சோடியையும் சேர்க்க வேண்டும். வடிவத்துக்குப் பெயர் சொல்லும்போது அணுக்களை மட்டும் பார்க்க வேண்டும். இரண்டையும் கலந்துவிடுகிறவர்கள்தான் நீரை நான்முகி என்று எழுதிப் புள்ளியை இழக்கிறார்கள்.

அடுத்த முறை வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் ஒரே அளவில் நான்கு பலூன் வாங்கி, முடிச்சுகளைச் சேர்த்துக் கட்டிப் பாருங்கள். சதுரமாகத் தட்டையாய் நில்லாது. அமுக்கிவிட்டாலும் நான்முகியாகவே விரியும். சோடிகளும் அப்படித்தான், விலக முடிந்த மட்டும் விலகும். இதுதான் இலத்திரன் சோடித் தள்ளுகைக் கொள்கை (VSEPR). (மின்னேற்றத் தள்ளுகை மட்டும் காரணமல்ல. ஒரே சுழற்சியுள்ள இரு இலத்திரன்கள் ஓரிடத்தில் சேர முடியாது என்ற பவுலியின் தத்துவமும் இதில் இருக்கிறது. விடைத்தாளில் அதை எழுதத் தேவையில்லை.)

மெதேனில் நான்கும் பிணைப்புச்சோடி, கோணம் 109.5 பாகை. பிணைப்புச்சோடியை இரண்டு கருக்கள் இழுத்துப் பிடிப்பதால் அது ஒடுங்கி நிற்கும். தனிச்சோடிக்கு ஒரே கருதான். அதனால் மைய அணுவுக்குப் பக்கத்திலேயே பரந்து கிடந்து மற்றவற்றை நெருக்கும். அமோனியாவில் ஒரு தனிச்சோடி: 107 பாகை, முக்கோணக் கூம்பகம். நீரில் இரண்டு: 104.5 பாகை, கோண வடிவம்.

இனிக் குளோரீன் முப்புளோரைட்டு. குளோரீனின் 7 இலத்திரன், மூன்று புளோரீனும் தரும் 3, ஆக 10, ஐந்து சோடி. அடிப்படை அமைப்பு முக்கோண இருகூம்பகம்: நடுவில் முக்கோணமாக மூன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. குழப்பம் இங்கேதான், ஏனென்றால் ஐந்து இடமும் ஒரே மாதிரியானவை அல்ல. மேலே அல்லது கீழே இருக்கும் சோடிக்கு 90 பாகையில் மூன்று அயலவர். நடு முக்கோணத்தில் இருப்பதற்கு இரண்டே. மற்ற இரண்டும் 120 பாகை தள்ளி. கூடுதல் இடம் கேட்கும் தனிச்சோடிகள் இரண்டும் நடுவுக்கே போகும். மிஞ்சிய புளோரீன்கள் ஆங்கில ரி (T) எழுத்துப் போல நிற்கும். கோணம் சுமார் 87.5 பாகை.

செனன் நாற்புளோரைட்டில் இந்தத் தலையிடி இல்லை. ஆறு சோடி, எண்முகி, எல்லா இடமும் சமம். இரு தனிச்சோடிகளும் எதிரெதிரே போய்விட, சதுரத் தளம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நான்கு சோடியில் தனிச்சோடி இருந்தால் கோணம் 109.5 பாகையிலும் குறையும் என்றுதான் இந்தக் கொள்கை சொல்லும், எவ்வளவு குறையும் என்று சொல்லாது. நீரைப் போன்றதுதானே என்று ஐதரசன் சல்பைட்டுக்கும் 104.5 போட்டுவிடாதீர்கள். அளந்து கண்டது ஏறக்குறைய 92 பாகை.