முயலின் நாடியும் அப்பாவின் குளிசையும்

கேள்வி: மாரடைப்பு வந்த பிறகு அப்பா கொலஸ்ட்ரோலுக்கு ஸ்டேட்டின் குளிசை எடுத்துவந்தார். போன கிழமை யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, "முயலுக்கும் எலிக்கும் செய்த சோதனையை வைத்து எனக்கு மருந்தோ?" என்று குளிசையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் சொல்வது சரியா?
- வாசகி, நல்லூர்

பதில்: பாதி சரி. அதை ஒத்துக்கொண்டே அவரிடம் பேச்சைத் தொடங்குங்கள்.

1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற ஆராய்ச்சியாளர் முயல்களுக்குக் கொலஸ்ட்ரோலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்துக் கொடுக்க, நாடிச் சுவரில் கொழுப்புப் படிந்தது. ஆனால் முயல் இலைதழை தின்கிற பிராணி, தாய்ப்பாலை மறந்த பிறகு கொலஸ்ட்ரோலைக் கண்டிராதது. எலிக்கும் நாய்க்கும் அவ்வளவு லேசில் படியாது. சுண்டெலிக்கு இரத்தத்தில் இருப்பதே பெரும்பாலும் 'நல்ல' கொலஸ்ட்ரோல்தான், அதனால் மரபணுவை மாற்றித்தான் நோயை வரவழைக்கிறார்கள். வந்தாலும் இதயத்திலிருந்து பெருநாடி புறப்படும் இடத்தில்தான் அதிகம் படிகிறது. இதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகிற, நமக்கு நெஞ்சைப் பிடிக்கவைக்கிற முடியுருநாடியில் அபூர்வம், படிவு வெடித்து இரத்தம் உறைந்து அடைப்பதும் அபூர்வம். இரண்டு வருடம் வாழ்கிற, நிமிடத்துக்கு ஐந்நூறு அறுநூறு தடவை இதயம் துடிக்கிற பிராணி அது. உங்கள் அப்பாவுக்கு எத்தனையோ வருடமாகப் படிந்ததை அதில் எப்படிப் பார்ப்பது?

குளிசையின் கதை இன்னும் வேடிக்கை. 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ என்ற விஞ்ஞானி பூஞ்சையிலிருந்து எடுத்த ஸ்டேட்டினை எலிகளுக்குக் கொடுத்தார், கொலஸ்ட்ரோல் இறங்கவே இல்லை. கொலஸ்ட்ரோலை உண்டாக்க உதவுகிற, மருந்து தடுக்கிற நொதியை எலியின் ஈரல் இன்னும் கூடுதலாக உண்டாக்கிச் சமாளித்துவிட்டது. எலியை நம்பியிருந்தால் கதை அத்தோடு சரி, மனுசன் விடாமல் முட்டைக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்க்க, இறங்கியது! இதற்கு நேர்மாறாக, முயலில் நல்ல பலன் காட்டிய டோர்செட்ராபிப் என்ற மருந்தை சுமார் 15,000 பேரிடம் சோதித்தபோது, அதை எடுத்தவர்களில் இறப்புக் கூடியதால் 2006 டிசெம்பரில் நிறுத்தினார்கள்.

ஆனால் அப்பாவின் குளிசை முயலை நம்பி எழுதிக் கொடுத்ததல்ல. 1994இல் வெளிவந்த ஸ்கண்டிநேவிய ஆய்வில் இருந்தவர்கள் 4,444 இதய நோயாளிகள், அப்பாவைப் போன்றவர்கள். ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்ததில், ஸ்டேட்டின் எடுத்தவர்களில் இறப்பு 30 சதவீதம் குறைந்தது. வீடியோக்காரர் இதை ஏன் விட்டாரோ!

தசை நோவு, அலுப்பு என்று ஏதும் இருந்தால் கிளினிக்கில் சொல்லட்டும், அளவையோ குளிசையையோ மாற்றித் தருவார்கள். அதுவரை அலுமாரித் திறப்பு உங்களிடம் இருக்கட்டும்.