மகன் பேரில் ஒரு வீடு

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 51. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். மச்சான் லாரித் தொழில் தொடங்க எடுத்த கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுத் திவாலானேன். அவனால் நான் பட்டது கொஞ்சமில்லை. விடுவிப்புக் கிடைத்து ஓராண்டு ஆகிறது. தோட்டம் கொடுத்த லய வீட்டை விட்டு வந்ததிலிருந்து இருபது வருடமாக வாடகை வீடுதான். இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு பழைய தரை வீடு விலைக்கு வருகிறது. இரண்டு வங்கிகள் கடன் இல்லை என்றுவிட்டன. வேறு எந்த வங்கியில் கேட்கலாம்? மகன் பேரில் எடுத்தால் 35 வருடத் தவணை கிடைக்கும், மாதக் கட்டணம் குறையும் என்கிறார் வீட்டு ஏஜெண்ட். மகனுக்கு 24 வயது, பினாங்கில் தொழிற்சாலை வேலை. நான் திவாலானது அவனுக்குத் தெரியாது. என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

எந்த வங்கி தரும் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். விடுவிப்புக் கடிதத்தை நாலு நகல் எடுத்து வையுங்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் பதிவு, அதாவது சிசிரிஸ் அறிக்கையை, இலவசமாகவே எடுக்கலாம். கடைசி 12 மாதம் எந்தக் கடனை எப்படிக் கட்டினீர்கள் என்று அதில் மாதவாரியாக இருக்கும். தனியார் கடன் தகவல் நிறுவனமான சிடோஸின் அறிக்கையையும் பாருங்கள். அங்கே இன்னும் திவால் என்று காட்டினால் கடிதத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். ஒரு மோட்டார் சைக்கிள் தவணையாவது ஒரு வருடம் நாள் தவறாமல் கட்டிக் காட்டுங்கள். சேமநிதியில் வீட்டுக்கென எடுக்க முடிந்ததை முன்பணத்தில் சேருங்கள். அப்புறம் போய்க் கேளுங்கள். வழி தெரியவில்லை என்றால் ஈப்போவில் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

மச்சானை விடுங்கள். அவரைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறதே, 'மகனுக்குத் தெரியாது' என்று, அதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாள் தூக்கம் சரியாக இல்லை.

என் அப்பாவும் ஜாமீன் போட்டுத்தான் திவாலானார், 1989இல். அன்றைக்கு இன்றைவிட மிகச் சின்னத் தொகை பாக்கி இருந்தாலே ஒருவரைத் திவாலாக்கலாம். (இன்று அந்த வரம்பு 100,000 வெள்ளி, அதாவது ரிங்கிட்.) ரப்பர் மரத்தில் பால் வெட்டிய மனிதர். தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது அவருக்கு இருந்த ஒரே கவலை, வேலை போனால் வீடும் போகிற இந்தப் பிழைப்பு தன்னோடு முடிய வேண்டும் என்பதுதான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவர் என் தாத்தா. தோட்டத்தையே தொழிலாளர்கள் வாங்கிவிடலாம் என்று நம்பிய தலைமுறை அது. அந்த ரசீதுகளைப் பிஸ்கட் டின்னில் அடுக்கி, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

1993இல் அப்பா என் பேரில் வீடு வாங்கினார். எனக்கு 25 வயது, ஜொகூரில் வாத்தியார் வேலை. கையெழுத்துப் போடு என்றார், போட்டேன். மாதம் 300 வெள்ளி அனுப்புவேன், மீதியை அவர் போட்டுக் கட்டுவார் என்று ஏற்பாடு. அவர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

1998 நடுவில் அடிப்படை வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. தவணை கூடியது. அது எனக்குத் தெரியாது. 1999இல் பள்ளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது வாசல் கேட்டில் ஏல அறிவிப்பு ஒட்டியிருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் முருகன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். படத்துக்குப் பின்னால் ரப்பர் பட்டை போட்டுக் கட்டிய நீள உறைகள், பதினோரு உறைகள். ஓரமெல்லாம் சாமி விளக்கின் எண்ணெய்ப் பிசுக்கு. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எல்லாவற்றிலும் என் பெயர்.

"உன் பேருக்கு வந்த காயிதத்த நான் எப்படிய்யா பிரிக்கிறது?" என்றார் அப்பா.

அவருக்கு மலாய் படிக்க வராது. என்னிடம் கொடுத்தால் நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தார். நான் அனுப்பிய 300இல் பாதியைப் பழைய கடன்காரன் ஒருவனுக்குக் கொடுத்து வந்திருக்கிறார், அதுவும் எனக்குத் தெரியக்கூடாது என்றுதான். எல்லாமே பாசம். வீடு ஏலம் போனது. ஏலத்தில் வீடு போய்விட்டால் கடன் தீர்ந்தது என்று நம் ஆட்கள் பலர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தீராது. விற்ற பணம் போக மிச்சத்தை வங்கி கடன் எடுத்தவரிடம்தான் கேட்கும். என்னிடம் 17,000 வெள்ளி கேட்டது. அப்பாவைப் போலவே என்னையும் திவாலாக்கப் போதுமான தொகை. ஆறு வருடம் கட்டினேன். கல்யாணமும் அதுவரை தள்ளிப் போனது. அப்பா சாகும்வரை என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு நஷ்டம், தம்பி. வீடு அல்ல.

இப்போது சொல்லுங்கள். 24 வயதுப் பையனை 59 வயது வரை கட்டுகிற கடனில் உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள், ஏன் என்று அவனுக்குச் சொல்லாமல். உங்களுக்கு எந்த வங்கியும் ஏன் தரவில்லை என்று அவன் கேட்டால் என்ன பொய் சொல்வதாக இருந்தீர்கள்? நாளைக்கு அவன் தனக்கென்று ஒரு வீடு வாங்கப் போனால், முதல் வீட்டுக்குக் கிடைக்கும் முத்திரை வரிச் சலுகை அவனுக்கு இருக்காது. சம்பளத்தில் ஏற்கெனவே ஒரு கடன் உட்கார்ந்திருக்கும். அந்த ஏஜெண்ட் இதையெல்லாம் சொன்னாரா? 35 வருடம் என்றால் தவணை குறையும், உண்மைதான். 4 விழுக்காட்டில் 200,000 வெள்ளிக்கு மாதம் சுமார் 886. வங்கிகள் பெரும்பாலும் 70 வயதைக் கணக்கு வைப்பதால் உங்கள் பேரில் 19 வருடம்தான் கிடைக்கும், மாதம் சுமார் 1,254 வரும். ஆனால் மொத்தத்தில் பையன் கட்டுவது உங்களைவிட 86,000 வெள்ளி அதிகம். 1,254 முடியாது என்றால் இன்னும் சின்ன வீடாகப் பாருங்கள். அல்லது இரண்டு வருடம் பொறுங்கள். இருபது வருடம் வாடகை கட்டியவருக்கு இரண்டு வருடம் பெரிதா?

நீங்கள் வெட்கப்பட எதுவும் செய்யவில்லை. கையெழுத்துப் போட்டீர்கள், மாட்டிக்கொண்டீர்கள், கட்டி வெளியே வந்தீர்கள். திவால் இலாகாவில் சொத்து விவரம் தாக்கல் செய்தால்தான் விடுவிப்புக்கான மூன்று வருடக் கணக்கே ஆரம்பிக்கும். அவமானத்துக்குப் பயந்து அங்கே போகாமலே பத்து வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் போனீர்கள். அந்தத் தைரியம் மகன் முன்னால் மட்டும் எங்கே போனது?

கடன் கிடைத்த பிறகும் இதே கதைதான். வட்டி மாறினால் கடிதம் வரும். 2022 மே தொடக்கத்தில் 1.75 ஆக இருந்த பேங்க் நெகாராவின் வட்டி அடுத்த மேக்குள் 3 விழுக்காடு ஆகிவிட்டது. அப்போது எத்தனையோ பேருக்குத் தவணை கூடியது. கடிதம் வந்த அன்றே பிரியுங்கள். மலாயில் இருந்தால் மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கட்ட முடியாது என்று தெரிந்தால் அந்த மாதமே வங்கிக்குப் போங்கள். மூன்று மாதம் நின்றுவிட்டால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள், அதற்குப் பிறகு பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

பெயரைப் போடவில்லை, கவலைப்படாதீர்கள். ஆனால் உங்கள் பையன் இணையத்தில் தமிழ் படிக்கிறவனா என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்தில் அவன் தன் கதையைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால், அடுத்த முறை பினாங்கிலிருந்து வரும்போது நீங்களே சொல்லிவிடுங்கள். சாப்பாடு முடியட்டும். அந்த விடுவிப்புக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்து, முதல் வரியிலிருந்து அவனையே படிக்கச் சொல்லுங்கள்.